கண் ஓடினாலும் காட்சி ஏன் ஓடுவதில்லை?

கேள்வி இது: "போனைக் கையில் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே சட்டென்று திரும்பினால் படம் முழுக்க இழுபடுகிறது, பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. அதே வேகத்தில் கண்ணைத் திருப்பினால் ஒன்றுமே ஆவதில்லை. கண்ணும் ஒரு கேமராதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?"

கண் அசைவை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால் இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சில சோதனைகள் சொல்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம்.

முதலில், கண் எவ்வளவு ஓடுகிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. சுமார் அவ்வளவு இடத்தைத்தான் நாம் கூர்மையாகப் பார்க்கிறோம், சுற்றியுள்ளதெல்லாம் போகப் போக மங்கல்தான். அதனால் கண் விநாடிக்கு மூன்று தடவை போல ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இதயமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவைதான் துடிக்கிறது. இந்தத் தாவலுக்கு சக்காட் என்று பெயர், பிரெஞ்சில் வெடுக்கென்று இழுப்பது என்று அர்த்தம். நான் தாவல் என்றே சொல்கிறேன். பெரிய தாவலில் கண்ணின் வேகம் விநாடிக்கு 500 டிகிரிக்கு மேல் போகும், ஆனால் 20 முதல் 100 மில்லிவிநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே விழித்திரையில் விழும் படத்தை அப்படியே பதிவு செய்து திரையில் ஓட்டினால், நீங்கள் எடுத்த வீடியோவைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கும், யாராலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியாது. கண் ஒரு கேமரா என்பதில் பெரிய தப்பில்லை. அந்தக் கேமராப் படத்தைத்தான் நாம் பார்க்கிறோம் என்று நினைப்பதுதான் தப்பு.

இப்போது முதல் சோதனை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டில் பேசியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் வெளி ஓரத்தில், கீழ் இமைத் தோலின் மேல் விரலை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள் (கண்ணில் அறுவை செய்துகொண்டவர்கள், லென்ஸ் போட்டிருப்பவர்கள் வேண்டாம்). அறையே ஆடும். கண்ணை நீங்களாகத் திருப்பியபோது ஆடாத அறை, விரல் தள்ளியதும் ஆடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்தால்தான் விஷயம் முழுதாகும். இரவில் ஒரு பல்பைச் சில விநாடிகள் உற்றுப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தால், கண்ணுக்குள் ஒரு பின்பிம்பம் நிற்கும் இல்லையா? அது விழித்திரையில் அச்சுக் குத்தியதுபோல ஒரே இடத்தில் இருப்பது, அங்கே துளியும் நகராது. ஆனால் இருட்டில் கண்ணை வலப்பக்கம் திருப்பினால் பின்பிம்பமும் வலப்பக்கம் போகிறது. அதே கண்ணை விரலால் தள்ளினால் பின்பிம்பம் சும்மா நிற்கிறது. அறையையும் பின்பிம்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணை நீங்களாகத் திருப்பும்போது, அறையின் படம் விழித்திரையில் ஓடியும் அசைவு தெரியவில்லை, பின்பிம்பம் விழித்திரையில் ஓடாமலே அசைவு தெரிகிறது. விரல் தள்ளும்போது இரண்டுமே தலைகீழ். வித்தியாசம் செய்வது ஒன்றுதான், கண்ணைத் திருப்பு என்று மூளை கட்டளையிட்டதா இல்லையா என்பது.

கண் தசை ஒன்று திடீரென்று செயலிழந்து போனவர்கள் சொல்வதும் இதோடு பொருந்தும். கண் திரும்பாது, ஆனால் திருப்ப முயன்றதும், முயன்ற பக்கமாகவே காட்சி முழுவதும் நகர்வதாக உணர்வார்கள். ஒலியின் வேகத்தோடு பெயர் ஒட்டிக்கொண்ட அதே எர்ன்ஸ்ட் மாக், தன் கண்ணின் ஓரத்தில் களிம்பு மாதிரியான புட்டியை அடைத்துக்கொண்டு திருப்ப முயன்று பார்த்திருக்கிறார். ஆர்வக்கோளாறு என்றால் இதுதான், தயவுசெய்து யாரும் முயல வேண்டாம்.

1950இல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கிடைத்தது. ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்டும் ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டேட்டும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரியும் (பின்னாளில் நோபல் வாங்கியவர்) தனித்தனியாக ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். டைப்ரைட்டர் காலத்து ஆபீசில் ஒரு கடிதம் அடித்தால் அடியில் கார்பன் வைத்து நகல் எடுப்பார்களே, அதுமாதிரி மூளை கண் தசைக்குக் கட்டளை அனுப்பும்போதே அதன் நகல் ஒன்றைப் பார்வைப் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது. "10 டிகிரி வலப்பக்கம் திருப்பப் போகிறேன், அந்த அளவுக்குப் படம் இடப்பக்கம் ஓடும், கண்டுகொள்ளாதே" என்று. பார்வைப் பகுதி அதைக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருந்தால் அதுதான் வெளி உலகத்தின் அசைவு. ஸ்பெர்ரி ஒரு மீனின் கண்ணை 180 டிகிரி திருப்பி வைத்துவிட்டார். அந்த மீன் ஓயாமல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. கணக்கில் கழிக்க வேண்டியது கூட்டலாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் நகர்ந்தாலும் உலகம் இரட்டிப்பாக ஓடுவதுபோலத் தெரிய, அதைச் சரிசெய்ய அது மேலும் திரும்ப, முடிவே இல்லை.

உங்கள் போன் வீடியோவுக்கு இந்த நகல் கிடையாது. எடுத்தது நீங்களே ஆனாலும், அப்புறம் சோபாவில் சாய்ந்து பார்க்கும்போது அந்தக் கை எப்போது எந்தப் பக்கம் திரும்பியது என்பது மூளையின் பார்வைப் பகுதிக்குத் தெரியாது. ஆகவே படத்தில் ஓடியதெல்லாம் ஓடியதாகவே தெரிகிறது.

இந்த நகல் வெறும் கருத்தல்ல, அது போகும் வழியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். 2002இல் மார்க் சாமரும் ராபர்ட் வூர்ட்ஸும் குரங்குகளில் செய்த வேலை: நடுமூளையில் தாவலுக்கு ஆணையிடும் இடத்திலிருந்து தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாக மூளையின் முன்பகுதிக்கு ஒரு பாதை போகிறது, அதை மருந்து கொடுத்துத் தற்காலிகமாக அடைத்தால் குரங்குக்குத் தன் முதல் தாவலின் கணக்கு தவறிப்போய் அடுத்த தாவல் பிசகுகிறது. மனிதர்களிலும் ஒரு சாட்சி உண்டு. 1997இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் சேதம். கண் நன்றாக இருக்கிறது, அசைவைப் பார்க்கவும் முடிகிறது, ஆனால் நகரும் ஒரு பொருளைக் கண்ணால் தொடர்ந்தால் போதும், நிற்கும் உலகம் முழுவதும் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்துத் தலை சுற்றிவிடும். கழித்தல் மட்டும் வேலை செய்யவில்லை. நீங்கள் கேட்ட அந்தக் குலுங்கும் வீடியோவுக்குள்ளேயே ஒரு மனிதர் வாழ நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழித்தல் கணக்கு பாதிக் கதைதான், சொல்லப்போனால் பாதிகூட இல்லை. ஏனென்றால் அந்த நகல் அவ்வளவு துல்லியமானது அல்ல.

ஒரு பேனாவைக் கையில் பிடித்து, கோடோ பூவோ போட்ட ஒரு சுவருக்கு முன்னால், இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். கண் பேனா முனையிலேயே இருக்கட்டும். கவனித்தால் பின்னால் உள்ள சுவர் லேசாக எதிர்ப்பக்கம் வழுக்குவது தெரியும். 1922இல் ஃபிலேனே என்பவர் எழுதிய மாயை இது. அடுத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே பேனாவை அதே வேகத்தில் நகர்த்துங்கள், பிறகு பேனாவைக் கண்ணால் தொடர்ந்தபடி நகர்த்துங்கள். கண்ணால் தொடரும்போது பேனா மெதுவாகப் போவதுபோல இருக்கும். இது 1880களிலேயே ஃப்ளைஷலும் ஔபர்ட்டும் சொன்னது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். கண் ஓடும் வேகத்தை மூளை கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறது. அதனால் கழிக்க வேண்டியதில் ஒரு பங்கு கழியாமல் சுவரின் ஓட்டமாகத் தெரிகிறது, பேனாவுக்குச் சேர வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு சேராமல் போகிறது.

கணக்கு இப்படிப் பிசகும்போது, நாள் முழுக்க உலகம் ஏன் கொஞ்சமாவது ஆடாமல் இருக்கிறது? இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. 1975இல் புரூஸ் பிரிட்ஜ்மனும் கூட்டாளிகளும் செய்தது. திரையில் ஒரு காட்சி, பார்ப்பவரின் கண் தாவுகிறது, அது தாவிக்கொண்டிருக்கும் அந்த நொடிப்பொழுதில் முழுக் காட்சியையும் கமுக்கமாகக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறார்கள். பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. தாவலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் நகர்த்தினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. கண் நிலையாக இருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே சட்டென்று கண்டுபிடித்துவிடுவோம்.

அப்படியானால் தாவலின்போது மூளையிடம் துல்லியமான தகவலே இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1996இல் மூனிக்கில் ஹைனர் டாய்பலும் மற்றவர்களும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். தாவல் முடிந்ததும் இலக்கை உடனே காட்டாமல், ஒரு கால் விநாடி போல வெறும் திரையைக் காட்டிவிட்டு, அப்புறம் நகர்த்திய இடத்தில் காட்டினார்கள். அவ்வளவுதான், நகர்த்தியது பளிச்சென்று தெரிந்துவிட்டது! ஆக தகவல் அங்கேதான் இருந்திருக்கிறது. கண் இறங்கியதும் பக்கத்தில் அதே பொருள் தென்பட்டால், "உலகம் அதன் இடத்தில்தான் இருக்கும், என் தாவல்தான் கொஞ்சம் பிசகியிருக்கும்" என்று மூளை தானே பழியை ஏற்றுக்கொண்டு கணக்கைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. பொருள் அங்கே இல்லாவிட்டால்தான் நகலை எடுத்துச் சரிபார்க்கிறது. அதாவது உலகம் நிலையானது என்பது கணக்கின் விடை அல்ல, கணக்கு தொடங்குவதற்கு முன்பே வைத்திருக்கும் நம்பிக்கை. வலுவான ஆதாரம் வந்தால் மட்டுமே அதைக் கைவிடுகிறது. நியாயமான நம்பிக்கைதான், வீடுகளும் மரங்களும் நாம் கண் சிமிட்டும் நேரம் பார்த்து நகர்வதில்லை.

தாவலின்போது படம் இழுபட்டு மங்கலாவது ஏன் தெரிவதில்லை என்பது இன்னொரு பாதி. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை நீங்கள் ஒருபோதும் பார்க்க முடியாது, பக்கத்தில் நிற்பவருக்கோ தெளிவாகத் தெரியும். ரேமண்ட் டாட்ஜ் 1900இல் இதைப் பற்றி எழுதினார். இப்போது போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து அதே வேலையைச் செய்யுங்கள், கண் நகர்வது தெரியும்! போன் அந்தப் படத்தைத் திரைக்குக் கொண்டுவரக் கொஞ்சம் தாமதமாவதால், உங்கள் தாவல் முடிந்த பிறகு அதன் படம் வந்து சேர்கிறது. டாட்ஜ் கையில் இது கிடைத்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று சில சமயம் நினைப்பேன்.

காரணம் இரண்டு. ஒன்று, தாவல் தொடங்கச் சற்று முன்பிருந்தே மூளை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது, அதிலும் அசைவை உணரும் நரம்புப் பாதையைத்தான் குறிப்பாக அடக்குகிறது. நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் பாதையை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதை 1994இல் பர்ர், மொரோனே, ராஸ் மூவரும் காட்டினார்கள். இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது: தாவலுக்கு முன்னும் பின்னும் தெளிவான படம் இருப்பதால் நடுவில் வந்த மங்கல் அதில் அமுங்கிவிடுகிறது. 1978இல் கேம்ப்பெல்லும் வூர்ட்ஸும் தாவல் நடக்கும் நேரத்தில் மட்டும் அறைக்கு வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள், மங்கல் நன்றாகவே தெரிந்தது. முன்னும் பின்னும் வெளிச்சத்தைக் கொஞ்சம் நீட்டியதும் மறைந்துவிட்டது.

மூளை இப்படி அடக்குவது முழுமையானது அல்ல என்பதற்கு ரயில் பயணமே சாட்சி. ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 22 மீட்டர், தண்டவாளம் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் என்றால், அங்கே உள்ள ஸ்லீப்பர் கட்டைகள் விநாடிக்கு 350 டிகிரிக்கு மேல் ஓடுகின்றன. கண்ணால் சீராகத் தொடர முடிவது அதிகபட்சம் 100 டிகிரி அளவுக்குத்தான், ஆகவே ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிகிறது. ஆனால் எப்போதாவது பார்வையை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக வெடுக்கென்று திருப்பினால், ஒரு கணம் ஒரு கட்டையும் அதன் மேல் கிடக்கும் ஜல்லியும் ஃபோட்டோ எடுத்தமாதிரி தெளிவாகத் தெரிந்து மறையும். தாவலின் வேகமும் கட்டைகளின் வேகமும் அந்தக் கணத்தில் ஒன்றாகிவிட்டதால் விழித்திரையில் படம் நின்றுவிட்டது. தாவலின்போது நாம் குருடு என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இந்த ஜல்லிதான் நினைவுக்கு வரும்.

இரவில் ஹைவேயில் போகும்போது முன்னால் போகும் காரின் சிவப்பு எல்ஈடி விளக்கு, நீங்கள் பார்வையை மாற்றும்போது மட்டும் ஒன்றுக்குப் பதில் நாலைந்து புள்ளிகளாக வரிசை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணில் கோளாறு என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கோளாறு இல்லை. அந்த விளக்கு தொடர்ந்து எரிவதில்லை, படுவேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. விநாடிக்கு 100 தடவை என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிவிநாடித் தாவலுக்குள் ஐந்து மின்னல், ஐந்தும் விழித்திரையில் ஐந்து இடத்தில். கண் நின்றிருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஒரு விளக்காகத் தெரிந்திருக்கும்.

இதுவரை தாவல். இன்னொரு அசைவு உண்டு, பறக்கும் காக்கையைத் தொடர்ந்து பார்க்கும்போது கண் தாவாமல் வழுக்கிக்கொண்டே போவது. இதில் ஒரு வேடிக்கை. வெறும் சுவரில் பார்வையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சீராக ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடுவதாகத்தான் உங்களுக்குத் தோன்றும், ஆனால் பதிவு செய்து பார்த்தால் படிக்கட்டு மாதிரி தாவித் தாவிப் போயிருக்கும். ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள், கருவியில்தான் கோளாறு என்பார்கள். எதுவும் நகராமல் கண்ணைச் சீராக வழுக்கவிட நம்மில் பெரும்பாலோரால் முடியாது. கண் அசைவு அசைவுணர்வைக் கெடுக்கும் தொல்லை என்று மட்டும் நினைத்தால் இது புரியாது, ஏனென்றால் இங்கே அசைவை உணர்ந்தால்தான் அந்தக் கண் அசைவே பிறக்கிறது. அதிலும், விழித்திரையில் ஓடுவதைத்தான் கண் துரத்துகிறது என்றும் இல்லை. 1976இல் ஸ்டைன்பாக் ஒரு சோதனை செய்தார்: இருட்டில் உருளும் ஒரு சக்கரம், அதன் விளிம்பில் ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியும், நடு அச்சு தெரியாது. பார்ப்பவர்கள் தெரியாத அந்த நடு அச்சைக் கண்ணால் சீராகத் தொடர்ந்தார்கள். அங்கே ஒளியே இல்லை, மூளை ஊகித்த ஒரு சக்கரம்தான் இருந்தது.

அசைவை உணரும் மூளைப் பகுதியிலும் இந்தப் பிணைப்பைப் பார்க்கலாம். எம்டி என்ற பகுதியில் பெரும்பாலான செல்கள் விழித்திரையில் ஓடுவதற்குத் துடிக்கின்றன. அதை ஒட்டியே இருக்கும் எம்எஸ்டி பகுதியில் சில செல்கள், குரங்கு ஒரு புள்ளியைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டாலும், கண் ஓடும்வரை துடித்துக்கொண்டே இருக்கின்றன. நியூசம், வூர்ட்ஸ், கொமாட்சு மூவரும் 1988இல் கண்டது. படமும் கண்ணின் ஓட்டமும் சந்திக்கும் இடம் அங்கேதான் எங்கோ இருக்கிறது.

கிரிக்கெட்டைத் தொடாமல் போனால் கருத்துப் பகுதியில் யாராவது கேட்பீர்கள். "பந்தை மட்டைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இரு" என்று எல்லாக் கோச்சும் சொல்வார்கள். வேகப்பந்துக்கு அது முடியாத காரியம். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்துக்கு அரை விநாடிதான் அவகாசம், கடைசி ஓரிரு மீட்டரில் அது கண்ணுக்குப் பக்கவாட்டில் கடக்கும் கோண வேகம் விநாடிக்கு ஆயிரம் டிகிரியைத் தாண்டும், எந்தக் கண்ணும் அதை வழுக்கிப் பிடிக்காது. 2000இல் மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்லியோடும் மட்டையாளர்களின் தலையில் சிறு கேமராவை மாட்டி, எந்திரம் வீசிய பந்துகளை ஆடவிட்டுப் பார்த்தார்கள். பந்து வெளிப்படும் இடத்தில் கண் சற்று நிற்கிறது, பிறகு பந்தை விட்டுவிட்டு, அது குத்தப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறது. நல்ல மட்டையாளர் இந்தத் தாவலைச் சீக்கிரம் செய்கிறார், சுமாரானவர் தாமதமாகச் செய்கிறார். 2013இல் டேவிட் மன் குழுவினர் உயர்மட்ட மட்டையாளர்களை வைத்துப் பார்த்ததில், அவர்கள் குத்தும் இடத்துக்கு மட்டுமில்லாமல் மட்டையில் படும் இடத்துக்கும் தாவுகிறார்கள், அதோடு தலையைப் பந்தின் திசையோடு ஒட்டித் திருப்புகிறார்கள். ஆகவே கோச் சொல்வது தலைக்குப் பொருந்தும், கண்ணைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல பொய்.

கண்ணை ஆட்டாமல் ஒரு புள்ளியையே பார்த்தால் என்ன ஆகும்? அப்போதும் அது ஆடுகிறது. மெல்ல நழுவும், நுண்ணியதாக நடுங்கும், விநாடிக்கு ஓரிரு குட்டித் தாவல் தாவும். இது குறை அல்ல. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி படத்தைக் காட்டும் கருவிகளைச் செய்தார்கள். விழித்திரையில் படம் முழுக்க நின்றதும் சில விநாடிகளில் அது கரைந்து மறைந்துவிட்டது. பார்ப்பதற்கே அசைவு வேண்டும்.

அப்படியானால் இந்தக் குட்டி ஆட்டம் ஏன் தெரிவதில்லை என்பதற்கு, இங்கே நகலைவிட வேறொரு தந்திரம் பெரிதாக வேலை செய்வதாகத் தெரிகிறது. முழுக் காட்சியும் சேர்ந்து ஆடினால் அது கண்ணின் ஆட்டம் என்று மூளை ஒதுக்கிவிடுகிறது, ஒன்று மட்டும் தனியாக ஆடினால்தான் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. 1998இல் முராகாமியும் கவானாவும் திரையின் ஒரு பகுதியில் மட்டும் தாறுமாறாக மினுங்கும் புள்ளிகளைத் துடிக்கவிட்டு அந்தப் பகுதியைச் சோர்வாக்கினார்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தியதும், சோர்வடையாத மற்றப் பகுதி நடுங்குவதுபோலத் தெரிந்தது. அந்த நடுக்கம் பார்ப்பவரின் கண்ணுடைய சொந்த நடுக்கம்தான், எப்போதும் இருந்தது, ஒப்பிட்டுக் கழிக்கும் ஏற்பாடு குழம்பியதும் வெளியே வந்துவிட்டது.

ஒப்பிட எதுவுமே இல்லாவிட்டால்? கும்மிருட்டில் ஒரே ஒரு சின்ன வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அது அலைய ஆரம்பிக்கும். ஹம்போல்ட் என்ற இயற்கை ஆய்வாளர் 1799இல் டெனெரிஃபே தீவின் மலையிலிருந்து நட்சத்திரங்கள் ஊசலாடுவதைப் பார்த்துவிட்டு, அது வானத்தில் நடப்பதாகவே எண்ணினார். இரவில் பறக்கும் விமானிகளுக்கு இன்றும் இதைப் பற்றிப் பயிற்சியில் எச்சரிக்கிறார்கள். முசாஃபர் ஷெரிஃப் 1935இல் இதையே சமூக உளவியலுக்குப் பயன்படுத்தினார்: இருட்டறையில் நிற்கும் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று சிலரைச் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால், கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய பதிலும் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். நகராத ஒன்றைப் பற்றி!

எல்லாவற்றுக்கும் கண் அசைவைக் காரணம் காட்டவும் கூடாது. அருவியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மேலே ஏறுவதுபோல இருக்குமே, அதைக் கண் தானறியாமல் நழுவுவதுதான் என்று ஒரு காலத்தில் விளக்கினார்கள். சுழலும் ஒரு சுருள் வடிவத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினால் எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் விரிவது அல்லது சுருங்குவதுபோலத் தெரிகிறது. ஒரு கண் எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் நகர முடியாது. விளக்கம் அங்கேயே முடிந்தது. அது மூளையில் அசைவுணரும் செல்களின் சோர்வு.

தலை அசைவு பாக்கி இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் காகிதத்தில் எழுதிக் கையில் பிடித்து, காகிதத்தை வேகமாக இடமும் வலமுமாக ஆட்டிப் படித்துப் பாருங்கள், முடியாது. காகிதத்தை அசையாமல் பிடித்துத் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், படிக்க முடியும். உள்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்ந்து, 10 மில்லிவிநாடி அளவிலேயே கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. பார்வை வழியாக அதைச் செய்ய நூறு மில்லிவிநாடியாவது ஆகும், அதற்குள் தலை வேறெங்கோ போயிருக்கும். 1952இல் ஒரு மருத்துவர் தன் அனுபவத்தை எழுதினார்: ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் இரண்டு பக்க உள்காதும் பாழாகிவிட்டது. கட்டிலில் படுத்துப் படிக்கக்கூட முடியவில்லை, நாடித்துடிப்புக்குத் தலை அசைவதிலேயே எழுத்துகள் குதித்தன. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் தலையை முட்டுக்கொடுத்துத்தான் படித்தாராம். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் உலகம் சுற்றியதற்கும் காரணம் இதே ஏற்பாடுதான். குழல்களுக்குள் இருக்கும் நீர் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால், தலை திரும்புவதாக நினைத்துக் கண் நழுவுவதும் திரும்பி வெடுக்கென்று தாவுவதுமாக இருக்கும். நண்பனைச் சுற்றவிட்டு நிறுத்தி அவன் கண்ணைப் பாருங்கள், தெரியும். சுற்றாமலே திடீரென்று ஒருவருக்கு உலகம் சுற்றினாலோ குதித்தாலோ, அது காதோ மூளையோ சொல்லும் செய்தி, மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது போனுக்கு வருகிறேன். புதுப் போன்களில் வீடியோ அவ்வளவாகக் குலுங்குவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே ஜைரோ என்ற சின்ன உணரி இருக்கிறது, அது உள்காது செய்யும் வேலையைச் செய்து, கை நடுங்கியதற்கு எதிர்ப்பக்கமாக லென்ஸையோ படத்தையோ நகர்த்துகிறது. ஆனால் கட்டளையின் நகல் அதற்குக் கிடையாது. நீங்கள் வேண்டுமென்றே திரும்புகிறீர்களா, கை நடுங்கியதா என்று ஊகித்துத்தான் அறிய வேண்டும். அதனால்தான் மெதுவாகக் கேமராவைத் திருப்ப ஆரம்பிக்கும்போது படம் முதலில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டு நின்று, அப்புறம் ஒரு எட்டு எடுத்துவைத்து உங்களோடு வந்து சேர்கிறது.